தனக்குள் பேசுகிறவள்

கூடப் படித்தவளை 'மேடம்' என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் கூப்பிட்டிருக்கிறேன். ஐம்பதைத் தொடப்போகிற வயதில், முழங்கால் வலியோடு, சித்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய், பல்கலைக்கழக வராந்தாவில் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து, உள்ளே கூப்பிட்டதும் எழுந்துபோய் "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த மேடமும் நானும் ஒரே ஹாஸ்டல் அறையில், ஒரே பக்கெட்டில் துணி ஊறவைத்தவர்கள். அவள் என் பிஎச்.டி. ஆய்வுக்குக் கைடு. நான் அவளுடைய மாணவி. இதைவிட வயிற்றெரிச்சலான ஏற்பாட்டை யாராவது உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது.

எங்கள் இரண்டு பேருடைய பாடமும் ஒன்றுதான்: நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகங்கள். சித்தூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கெதற்கு அதெல்லாம் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நான் சொல்லும் பதில், அந்த நாடகங்களில் வருகிறவர்களெல்லாம் எங்கள் தெருக்காரர்கள் மாதிரியே இருக்கிறார்கள் என்பது. சொத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறார்கள், அடுத்தவனுக்குப் பதவி வந்தால் சோறு இறங்காமல் தவிக்கிறார்கள். அதிலும் பொறாமைக்காரர்கள்தான் பிரமாதமாகப் பேசுகிறார்கள். நல்லவனுக்கு இரண்டு வரி என்றால் பொறாமைக்காரனுக்கு இரண்டு பக்கம். எம்.ஏ. முதல் வருஷத்திலேயே எனக்கு அது பிடித்துப்போயிற்று.

நான் நகரிக்காரி. எங்கள் வீட்டு முன்கட்டில் விடிந்ததிலிருந்து பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசித்தான் நாங்கள் வளர்ந்தோம். நைனாவிடம் பேனாவுக்குக் காசு கேட்பதென்றாலும் தொண்டையைத் திறந்துதான் கேட்க வேண்டும். கரண்ட் போய்த் தறி நின்றிருக்கும்போதும் எங்கள் குரல் இறங்காது, பழகிவிட்டது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நீ ரகசியம் பேசினா பக்கத்து வூட்டு நாய் எழுந்து உக்காருது" என்பார். அவருக்கு எதையும் பெருக்கிச் சொல்வது வழக்கம், தொழில் அப்படி என்று நான் விட்டுவிடுவேன்.

அவள் திருப்பதிக்காரி. அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர்கள். அந்த வீட்டில் பித்தளைப் பாத்திரத்தைத் தரையில் வைத்தால்கூடச் சத்தம் வராது. எம்.ஏ. வகுப்பில் ஒரு நாள் எங்கள் பேராசிரியர் இரண்டு பேரையும் ஒரு காட்சியை எழுந்து படிக்கச் சொன்னார். அவள் மெதுவாகப் படித்தாள். வகுப்பே முன்னால் சாய்ந்து கேட்டது. அடுத்தது நான் படித்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். பேராசிரியர் என்னைப் பார்த்து நன்றாகத்தான் படித்தாய் என்றார். அந்த 'தான்' இருக்கிறதே, அது இன்னும் என் காதில் கிடக்கிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மனசில் வேகிறதை வாய்க்குள் முனகிவிட்டால்தான் ஆறும். ஹாஸ்டல் அறையில் துணி மடிக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவேன். பெரிய மகாராணி. மெதுவாகப் பேசினால் மார்க் போடுகிறார்கள், கத்திப் பேசினால் கதவைச் சாத்துகிறார்கள். நெற்றியைப் பார், ஒரு பரு கிடையாது. இப்படிப் போகும். அவள் கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டே இருப்பாள். பக்கம் புரட்டுவாள். ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கியதில்லை. புத்தகத்தில் இறங்கிவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி மூழ்க எனக்கு வரவில்லையே என்று அதற்கும் ஒரு மூச்சு முனகுவேன்.

படிப்பு முடிந்ததும் வெளிநாடு போய் ஆராய்ச்சி செய்ய ஒரே ஒரு உதவித்தொகை வந்தது. இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். அவள் லண்டனுக்குப் போனாள். நான் கல்யாணம் ஆகிச் சித்தூருக்குப் போனேன். ஒரு டிகிரி காலேஜில் வேலை கிடைத்தது. பி.காம். பிள்ளைகளுக்கு விடுமுறை விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பழைய நாடகம் என்பது மூன்றாம் வருஷத்தில் ஒரு பேப்பரில் ஒரு யூனிட். அதையும் பரீட்சைக்கு முன்னால் சுருக்கித் தரச் சொல்வார்கள். அவள் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். பெரிய நூலகம், மேஜைமேல் மெத்தைபோல ஒரு பஞ்சுத் தாங்கி, அதன்மேல் அந்தக் காலத்திலேயே அச்சான நாடகம் ஒன்று விரித்து வைத்திருக்கிறது, ஓரத்தில் அவள் கை. அந்தக் காகிதத்தை அவள் தொட்டிருக்கிறாள். நான் இன்றுவரை கம்ப்யூட்டர் திரையில்தான் பார்க்கிறேன், அதுவும் சித்தூரில் கரண்ட் இருக்கும் நேரத்தில். காதில் புகை வருவது என்பார்களே, அந்த போட்டோவைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்தது.

திரும்பி வரும்போது எனக்கென்று ஒரு பென்சில் வாங்கி வந்தாள். அந்த நூலகத்துக்குள் பேனாவை அனுமதிக்க மாட்டார்களாம், பென்சில் மட்டும்தானாம். அதை நான் ஒரு நாளும் படிப்புக்கு எடுத்ததில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றினால் காலண்டரில் குறிப்பதற்குச் சமையலறையில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு தடவை அவள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்தாள். நல்ல இடம்தான், தொலையாது என்றாள். கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கட்டுரை. அதைச் சொன்னால்தான் என் கதை விளங்கும். நம் பழைய நாடகப் புத்தகங்களில், ஒரு பாத்திரம் மற்றவர்களுக்குக் கேட்காமல் ஏதாவது சொன்னால் அடைப்புக்குறி போட்டு 'தனக்குள்' என்று அச்சடித்திருப்பார்கள். ஆங்கில நாடகத்திலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் நானூறு வருஷத்துக்கு முந்தைய முதல் அச்சுகளில் பெரும்பாலும் அந்தக் குறிப்பு இருக்காது. வெறும் வசனம் மட்டும் ஓடும். இது தனக்குள் சொன்னது, இது வாய்விட்டுச் சொன்னது என்று பிரித்து வைத்தவர்கள் ரொம்பக் காலம் கழித்து வந்த பதிப்பாசிரியர்கள். அவள் தன் கட்டுரையில், யாரோ பின்னால் போட்ட அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுப் படியுங்கள் என்றாள். கணவன் மேடையில் நின்று மனைவியைப் பற்றி வயிறெரிந்து பேசுகிறான். அவள் நாலடி தள்ளி நிற்கிறாள். அவளுக்கு எல்லாம் கேட்கிறது. கேட்டும் கேட்காதவள்போல நின்று பூத்தொடுக்கிறாள். அப்படிப் படித்தால் நாடகம் பேசுகிறவனுடையது இல்லை, கேட்கிறவளுடையது என்று எழுதியிருந்தாள். எங்கெங்கிருந்தோ அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரை நன்றாக இருந்தது, அதுதான் முதல் எரிச்சல். ஆனால் அதில் சொன்னது தப்பு என்று என் அடிவயிற்றுக்குத் தெரிந்தது. கேட்காது. கேட்கவே கூடாது. பொறாமைக்காரனுக்கு இந்த உலகத்தில் ஒதுங்க இருப்பது அந்த ஒரே இடம்தான். வெந்துபோய் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்கிறான், அதுவும் எதிராளிக்குக் கேட்டுவிட்டதென்றால் அவன் எங்கே போய் நிற்பான்? அந்தக் காலத்து மேடை திறந்த மேடை, பகல் வெளிச்சம், மூன்று பக்கமும் ஜனம். நடிகன் ஜனத்தைப் பார்த்துத் திரும்பிச் சொல்கிறான், ஜனம் கேட்கிறது, மேடையில் இருப்பவள் செவிடு. அது நடிகர்களும் ஜனமும் செய்துகொண்ட ஒப்பந்தம். இதை நான் நிரூபிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு பிஎச்.டி. செய்ய வேண்டும். அவள் கட்டுரையைத் தோற்கடிக்க வேண்டும்.

நம் நேரம், இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்து நாடகத்துக்குக் கைடு என்று இருந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் நாவல், மொழியியல் என்று போய்விட்டார்கள். ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு போன் செய்தேன். உன் கட்டுரைக்கு எதிராக ஒரு ஆய்வு, உன்னிடமே செய்ய வேண்டும் என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். மறுமுனையில் டைரி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வாயேன். சனிக்கிழமைன்னா எனக்கு ஃப்ரீ" என்றாள்.

ஆறேழு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போனேன். காலையில் துறையில் மேடம். மதியம் அவள் வீட்டில் 'ஏண்டி'. அவள் வீட்டுப் புளியோதரையை இரண்டு தட்டு தின்றுவிட்டு, கை கழுவுகிற சாக்கில் வாஷ்பேசின் பக்கம் திரும்பி, "சமையலும் இவளுக்குத்தான் வரும்" என்று முனகுவேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

நான் கொண்டுபோகிற அத்தியாயத்தை அவள் திருத்துகிற விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. தன் கட்டுரையை நான் தாக்குகிற இடத்தில் ஓரத்தில் கோடு போட்டு, இன்னும் பலமாகச் சொல்லலாம் என்று எழுதுவாள். ஒரு தடவை நான் பலவீனமாக வாதாடிய இடத்துக்கு, எனக்குச் சாதகமான ஒரு காட்சியை அவளே தேடிப் பிடித்துக் கொடுத்தாள். அதில் ஒரு வேலைக்காரன் எஜமானியின் காதோரம் நின்று திட்டுகிறான், அடுத்த வரியில் அவள், என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறாய் என்று அவனைக் கேட்கிறாள். எஜமானிக்குக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? என் ஆய்வேட்டிலேயே பலமான இடம் அதுதான், அதையும் அவள்தான் தந்தாள். சண்டைக்கு வந்தவளுக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறவளை நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பஸ்ஸில் பாகாலா வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வைவா நாள் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, எல்லோர் முன்னாலும் ஆய்வாளரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அவருக்குத் திருப்தியானால் அங்கேயே டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பார், இல்லையென்றால் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார். திருப்பதியில் வைவா என்றால் எந்தப் பேராசிரியரும் நேரமில்லை என்று சொல்வதில்லை. காலையில் மலைமேல் பெருமாள், மதியம் கீழே நாங்கள். எனக்கு வந்தவர் சென்னைக்காரர். விடியற்காலையிலேயே தரிசனத்தை முடித்துவிட்டு, புது மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வந்து உட்கார்ந்தார். தரிசனத்துக்கு வழி சொல்லி அனுப்பியது அவள் பெரியப்பா பிள்ளையாம். என் வைவாவுக்கு வந்தவர் அரைமணி நேரம் அவள் குடும்பத்தைப் புகழ்ந்தார். ஆரம்பமே அப்படி.

ஹால் நிறைந்திருந்தது. அவளுடைய மாணவர்கள், வேறு துறைக்காரர்கள், என் காலேஜிலிருந்து நாலு பேர், முதல் வரிசையில் என் கணவர். அவருக்கு ஆங்கில நாடகம் ஒன்றும் தெரியாது, ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டி, முதல் அச்சுகளில் இருப்பதையும் பின்னால் சேர்த்ததையும் பிரித்துக் காட்டினேன். நன்றாகப் பேசினேன். எனக்கே தெரிந்தது. மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மொட்டைத்தலைப் பேராசிரியர் சாதுவாகத்தான் தொடங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: கடைசி வரிசையில் கடலை தின்றுகொண்டிருக்கிறவனுக்கே கேட்கும்படி ஒரு நடிகன் பேசுகிறான், நாலடியில் நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்காமல் போகும்? ஒப்பந்தம் என்று நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மனுஷர்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம் நடக்கக்கூடியதுதானா? நான் அந்த வேலைக்காரன் காட்சியைச் சொன்னேன். அது ஒரு காட்சிதானே என்றார். வேறு இரண்டு சொன்னேன். தலையாட்டினார், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. உங்கள் கைடு எழுதிய கட்டுரைதான் மனசுக்குச் சரியாகப் படுகிறது அம்மா, இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். ஆறேழு வருஷத்துச் சனிக்கிழமைகளும் அந்தக் கேள்வியில் போய் நின்றன.

யோசியுங்கள், அதற்குள் கைடு இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். அவள் எழுந்தாள். சாம்பல் நிறத்தில் சாதாரணக் கைத்தறிப் புடவை, அதிலும் என் பட்டைவிட எடுப்பாக இருந்தாள். வழக்கம்போல மெதுவாகப் பேசினாள், வழக்கம்போல ஹால் முன்னால் சாய்ந்தது. இந்த ஆய்வு என் கட்டுரையை மறுக்கிறது, என்னை இத்தனை கவனமாகப் படித்தவர் வேறு யாரும் இல்லை, என் கருத்தோடு இத்தனை வருஷம் சண்டை போட ஒருத்தி கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றாள். கைதட்டினார்கள். என் வைவாவில் அவளுக்குக் கைதட்டல்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்குகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பி, ஹாஸ்டல் ஜன்னலில் முனகுகிற அதே முனகலில் சொன்னேன்.

"ஆகா, இன்னா நடிப்பு பாரு. லண்டன்ல போய் இதத்தான் கத்துக்கினு வந்தா. தோக்கறப்பகூட மகாராணி."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. திரும்பிப் பார்த்தேன். என் காலேஜ்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, அவர் எதையும் பெருக்கிச் சொல்லவில்லை என்று. பக்கத்து வீட்டு நாய் உண்மையிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நகரியில் தறிச் சத்தத்துக்குக் கீழே மறைந்துபோகிற முனகல், தறி இல்லாத ஊரில் சுவருக்குச் சுவர் மோதியிருக்கிறது, இத்தனை வருஷமும்.

பேராசிரியருக்கு வேறென்ன வேண்டும்? அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கேள்விக்குப் பதிலை நானே மேடையேற்றிக் காட்டிவிட்டேனே. கடைசி வரிசைக்குக் கேட்டுவிட்டது. நாலடியில் அவள் நிற்கிறாள். அவளுக்குக் கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் ஆய்வேடு குப்பை, அவள் கட்டுரை வேதம். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், இப்ப இவங்க சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவள் தன் கையிலிருந்த காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்த விதத்தில் ஒரு அவசரமும் இல்லை. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"எது சார்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அவளையே பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அவளுக்குக் கேட்டது தெரியும், அத்தனை பேரும் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டார்கள். மனுஷர்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம் நடக்குமா என்று கேட்டாரே, அவர் கண் முன்னால் நடந்தது. கொஞ்ச நேரம் சந்தனத் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பேனாவைத் திறந்தார். டாக்டர் என்று என்னை முதலில் கூப்பிட்டவர் அவர்தான். என் கணவர் எழுந்து நின்று கைதட்டினார்.

சந்தோஷம் ஒரு சாப்பாட்டு நேரம் நின்றது. இலையில் பாயசம் ஊற்றும்போது எனக்கு உறைத்தது. கேட்டும் கேட்காதவள்போல நிற்கிறாள், நாடகம் அவளுடையது. இதைத்தானே அவள் எழுதினாள்? என் ஆய்வேட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நின்ற நிலையிலேயே தன் கட்டுரையை நிரூபித்துவிட்டுப் போய்விட்டாள். பட்டம் எனக்கு, ஜெயித்தது அவள். அது ஹாலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்ததோ, அந்தப் பேராசிரியருக்குத் தெரிந்தது. கிளம்பும்போது அவளைத்தான் பெரிதாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாயசம் எனக்கு இறங்கவில்லை.

கணவர் காலேஜ்காரர்களோடு வேனில் போய்விட்டார். மாலைகள், சால்வைகள், மிஞ்சிய ஸ்வீட் பெட்டிகள் என்று சாமான் நிறைய இருந்ததால், நான் கொண்டுவிடுகிறேன் என்று அவள் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் நான் கேட்டேன், நிஜமாகவே உனக்குக் கேட்கவில்லையா என்று. எதுடி என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் எப்படிக் கேட்பது? ஹாஸ்டலில் கேட்டதா, வாஷ்பேசினில் கேட்டதா, உன் நிச்சயதார்த்தத்தில் பந்தலுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையின் உயரத்தைப் பற்றி நான் சொன்னது கேட்டதா என்று ஒவ்வொன்றாகவா கேட்க முடியும்?

சந்திரகிரி நெருங்கியது. கோட்டை மலை கண்ணாடியில் வந்தது. எனக்கு விண் விண்ணென்று தலைவலி. ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை நிஜமாகவே அடக்கி, எனக்கே கேட்டதா என்று சந்தேகப்படும்படி சொன்னேன்.

"தலை பொளக்குது. சக்கரை கம்மியா ஒரு காபி கெடச்சா தேவல. இவளுக்கு எங்க தெரியப்போவுது."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கினாள். கியர் மாற்றினாள். கோட்டைக்குப் போகிற பாதை பிரிகிற இடத்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது. அதன் முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கிக் கடைக்காரரிடம் தெலுங்கில் இரண்டு காபி சொன்னாள், அதில் ஒன்றில் சர்க்கரை குறைவாக இருக்கட்டும் என்றாள். டாக்டர் எனக்குச் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னது இந்த வாரம்தான். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் வீட்டில் போன சனிக்கிழமை வரைக்கும் இரண்டு ஸ்பூன் போட்டுத்தான் குடித்திருக்கிறேன்.

டம்ளர் என் கைக்கு வந்தது. நுரை தளும்பச் சூடாக இருந்தது. ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நான் முனகிய அத்தனையும் அந்த டம்ளருக்குள் நின்று என்னைப் பார்த்தன. பக்கம் புரட்டிக்கொண்டு, மோர் ஊற்றிக்கொண்டு, ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், திரும்பி என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சமமாகியிருப்போம். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. அப்படி இருக்க எனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று நினைத்தபோது வயிறு முன்னைவிட ஜாஸ்தியாக எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பப் போனேன். திரும்பி என்ன பிரயோஜனம்? நேராக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி."

"தெரியும்டி" என்றாள். "காபி ஆறிடப் போறது, குடி."